முதல் மூன்று தடவை பயோடீசல், நான்காவது தடவை சோப்பு: ஏன்?

கொங்குப் பக்கத்தில் சிப்ஸ், முறுக்கு போட்டு விற்கும் கடைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிட்டேன். கடிதத்தின் சாரம் இது:

கடையில் கழிக்கும் பாமாயிலை வீணாக்க மனமில்லாமல், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பயோடீசல் செய்யத் தொடங்கியிருக்கிறார். ஒரு தடவைக்கு 40 லிட்டர் எண்ணெய், 8 லிட்டர் மெத்தனால், லிட்டருக்கு 5 கிராம் வீதம் 200 கிராம் காஸ்டிக் சோடா. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், பெரிய அலுமினிய அண்டாவில் எல்லாவற்றையும் ஊற்றி, கேஸ் அடுப்பில் சூடேற்றிக் கிளறுவாராம். முதல் மூன்று தடவை அடியில் கறுப்பாகக் கிளிசரின் என்ற உபபொருள் இறங்கி, மேலே பொன்னிறத்தில் டீசல் நின்றது. தோட்டத்து பம்ப்செட்டில் ஊற்றினார், ஓடியது. அந்தத் தெம்பில் பக்கத்து பஜ்ஜிக் கடை, பரோட்டாக் கடை எண்ணெயையும் விலைக்கு வாங்கினார். அங்கே ஆரம்பித்தது சிக்கல். நான்காவது தடவை கிளிசரின் பிரிந்தது, ஆனால் தண்ணீர் விட்டுக் கழுவியதும் மொத்தமும் பால்போல் வெளுத்துவிட்டது. "சோடா போதவில்லை போல" என்று அடுத்த தடவை 400 கிராம் போட்டிருக்கிறார். அண்டா முழுக்கக் கூழாக உறைந்து நின்றதாம். இப்போது கூழும் பாலுமாக மூன்று கேன் கிடக்கிறது. "இதைத் தேற்ற முடியுமா? என் லோடு வண்டிக்கு ஊற்றலாமா? அக்கம்பக்கத் தோட்டக்காரர்கள் லிட்டர் 70 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? கோத்தகிரியில் இருக்கும் என் அண்ணனுக்கு ஒரு கேன் அனுப்பினேன், காலையில் பார்த்தால் கட்டியாகிவிட்டது என்கிறார், அது ஏன்?" என்பவை அவர் கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "மெத்தனால் தெரிந்தவர் மூலம் பில் இல்லாமல் கிடைக்கிறது. 20 லிட்டர் தண்ணீர் கேனில் வாங்கி வைத்திருக்கிறேன்."

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். எண்ணெய் சோப்பானால் சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். தண்ணீர் கேனில் இருக்கும் மெத்தனால் அப்படியல்ல. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். உங்கள் கடையில் வேலை செய்யும் பையன் தாகத்துக்கு ஒரு டம்ளர் சாய்த்தால் போதும். உடனே ஒன்றும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் கண் மங்கும், வயிறு புரட்டும், மூச்சு வாங்கும். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்கிறது. பிழைத்தாலும் கண் போகலாம்.

இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அதை வெள்ளை நிற எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக் வகை) கேனுக்கு மாற்றி, "விஷம், மெத்தனால்" என்று பெரிதாக எழுதி, பூட்டுப் போட்ட இடத்தில் வையுங்கள். பழைய தண்ணீர் கேனை ஓட்டை போட்டு எறிந்துவிடுங்கள். யாருக்காவது உள்ளே போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டரிடம் "மெத்தனால்" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு கொடுக்க வேண்டும்.

சரி, பில் இல்லாமல் வாங்கும் விஷயம். தொழிற்சாலைக்கான ரசாயனம்தானே, கெடுபிடி இருக்காது என்று நினைத்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்க, வைத்திருக்க, விற்க எல்லாவற்றுக்கும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். அதற்கென்று 1959-ஆம் ஆண்டு முதலே தனி விதிகள் உள்ளன. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரும் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். உங்கள் கொட்டகையில் கணக்கில் வராத கேனைப் பார்க்கும் அதிகாரி, நீங்கள் பம்ப்செட்டுக்குத்தான் வாங்கினீர்கள் என்று நம்பியாக வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்கு விற்பவர் வேறு யாருக்கெல்லாம் விற்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மதுவிலக்கு, ஆயத்தீர்வைப் பிரிவு இருக்கும். உள்ளூர் வக்கீல் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, கையில் மீதி இருப்பதை என்ன செய்வது என்பதையும் சேர்த்து அங்கே கேளுங்கள். உரிமம் கிடைக்கும்வரை அடுத்த பேட்ச் வேண்டாம். கீழே நான் சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் மெத்தனால் இல்லாமலே செய்யக்கூடியவை. இந்த இடைவெளியில் அதை முடியுங்கள்.

கெட்டது உங்கள் கைப்பக்குவம் அல்ல, எண்ணெய்

முதல் மூன்று தடவையும் ஊற்றியது உங்கள் கடை எண்ணெய். சிப்ஸ் கடையில் எண்ணெய் சீக்கிரம் தீர்ந்து புது எண்ணெய் சேர்ந்துகொண்டே இருக்கும், அதனால் அதிகம் கெடுவதில்லை. பஜ்ஜிக் கடை வாணலி அப்படியில்லை. காலையில் ஏற்றியது இரவு வரை கொதிக்கும், மாவு கருகும், வாழைக்காயும் வெங்காயமும் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரும் சூடும் சேர்ந்து எண்ணெயைச் சிதைத்து, கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரித்து விடுகின்றன. அப்படிப் பிரிந்து நிற்கும் அமிலம்தான் உங்கள் காஸ்டிக் சோடாவை முதலில் விழுங்குவது. விழுங்கியதும் சோப்பு ஆகிறது. டீசல் ஆக்கும் வேலைக்கு மிச்சம் இருக்கும் சோடாதான் கணக்கு.

இப்போது உங்கள் நான்காவது பேட்சைப் பாருங்கள். புது எண்ணெய்க்கு லிட்டருக்கு சுமார் 3.5 கிராம் சோடா போதும். உங்கள் கடை எண்ணெயில் அமிலத்துக்கு ஒன்று, ஒன்றரை கிராம் போயிருக்கும். ஆக 5 கிராம் சரியாக அமைந்துவிட்டது. பஜ்ஜி எண்ணெயில் அமிலம் மட்டுமே நான்கு கிராம் வரை கேட்கலாம். நீங்கள் போட்ட 5 கிராமில் பெரும்பகுதி அதிலேயே போயிருந்தால் எண்ணெய் அரைகுறையாகத்தான் மாறியிருக்கும். அரைகுறையாக மாறிய எண்ணெயும் சோப்பும் இருக்கும் இடத்தில் தண்ணீரை விட்டால் மூன்றும் கலந்து பால் ஆகாமல் என்ன செய்யும்?

சோடா போதவில்லை என்று நீங்கள் நினைத்தது தப்பில்லை. அளக்காமல் இரண்டு மடங்கு போட்டதுதான் தப்பு. இன்னொன்று, அந்த எண்ணெயில் தண்ணீரும் இருந்திருக்கிறது. தண்ணீரும் அதிக சோடாவும் சேர்ந்தால், அமிலம் மட்டுமல்ல, நல்ல எண்ணெயும் சேர்ந்து சோப்பாகும். அதுதான் அண்டாவில் உறைந்த கூழ். ஊரில் சோப்பு காய்ச்சுகிறவர்கள் வேண்டுமென்றே செய்வதை நீங்கள் தெரியாமல் செய்திருக்கிறீர்கள்.

தண்ணீரை விரட்டுவது

வாங்கி வந்த எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டி, 60 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் தங்கும் கசடையும் தண்ணீரையும் விட்டுவிட்டு மேலாக எடுங்கள். பிறகு ஒரு கரண்டி எண்ணெயைச் சின்ன வாணலியில் காய வைத்துக் காதைக் கொடுங்கள். சடசடவென்றால் தண்ணீர் இருக்கிறது. முழு எண்ணெயையும் 105, 110 டிகிரி வரை ஏற்றி, அந்தச் சத்தமும் நுரையும் அடங்கும்வரை வைத்திருங்கள். இது வெறும் எண்ணெய்தான் என்பதால் அடுப்பில் செய்யலாம். மெத்தனால் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

அளந்து பார்ப்பது

இதற்கு டைட்ரேஷன் என்று பெயர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும். 10 கிராம் காஸ்டிக் சோடாவை ஒரு லிட்டர் வாலைவடிநீரில், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில், கரையுங்கள். அதில் 100 மில்லியை எடுத்து மறுபடி ஒரு லிட்டர் ஆக்குங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் உள்ள கரைசல் தயார். ஒரு கிராமை நேரடியாக நிறுத்தப் போனால் கடைத் தராசு ஏமாற்றிவிடும், அதற்காகத்தான் இந்தச் சுற்று வழி.

சின்னக் கண்ணாடி டம்ளரில் 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எடுத்து, நிறம் காட்டும் சொட்டு மருந்தான பினாப்தலீனை இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீர் இருக்கும். நிறம் மெல்ல ரோஸ் காட்டும்வரை ஓரிரு சொட்டு சோடாக் கரைசல் விட்டுச் சரி செய்த பிறகு, சரியாக ஒரு மில்லி எண்ணெயை சிரிஞ்சில் எடுத்துச் சேர்த்துக் கலக்குங்கள். நிறம் போய்விடும். இனி இன்னொரு சிரிஞ்சில் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். ரோஸ் நிறம் வந்து அரை நிமிடம் மாறாமல் நின்றால் நிறுத்துங்கள். எத்தனை மில்லி போயிற்றோ அத்தனை கிராம், லிட்டருக்கு, 3.5-உடன் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று மில்லி என்றால் 6.5 கிராம். அவ்வளவுதான் கணக்கு.

பினாப்தலீன் கிடைக்கவில்லையா, மஞ்சளை ஸ்பிரிட்டில் ஊற வைத்துத் தெளிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, அதே வேலைதான் இங்கேயும். துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனால் பஜ்ஜி எண்ணெயையும் சிப்ஸ் எண்ணெயையும் பிரித்துக் காட்டிவிடும்.

என் அளவுகோல் இது: மூன்று மில்லிக்குள் வந்தால் தாராளமாகச் செய்யுங்கள். மூன்றிலிருந்து ஐந்து வரை என்றால் உங்கள் நல்ல எண்ணெயோடு கலந்து, மறுபடி அளந்து செய்யுங்கள். அதற்கு மேல் போனால் தொடாதீர்கள். ஆறு மில்லி என்றால் எண்ணெயில் ஏறக்குறைய 4.5 சதவீதம் அமிலம் என்று அர்த்தம். அதைச் சரிசெய்யக் கந்தக அமிலம் ஊற்றும் முறை ஒன்று உண்டு, காணொளிகளில் சுலபமாகக் காட்டுவார்கள். வீட்டுக் கொட்டகையில் அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். கேனுக்குக் கேன் அளந்து பார்த்தபின் காசு கொடுத்தால், எந்தக் கடை எண்ணெயை வாங்கலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

காஸ்டிக் சோடாவையும் சந்தேகப்படுங்கள். வாய் கட்டாத பையில் இருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாகி வீரியம் போய்விடும். சில்லு சில்லாக, உலர்ந்து, ஒட்டாமல் இருப்பதையே பயன்படுத்துங்கள். 40 லிட்டரை அண்டாவில் போடுவதற்கு முன், அதே எண்ணெயில் ஒரு லிட்டர் மட்டும் செய்து பாருங்கள். அந்த ஒரு லிட்டர் கெட்டால் கெட்டுப் போகட்டும்.

அண்டாவையும் அடுப்பையும் மாற்றியாக வேண்டும்

அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிகிறது, அண்டாவில் மெத்தனால் ஆவி. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அதிர்ஷ்டம். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் மூடி திறந்திருந்தாலே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். அது எரியும் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது.

இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம், இறுக்கமான மூடி, திறந்த வெளி. எண்ணெயை முதலில் 55 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, அடுப்பிலிருந்து தள்ளிக் கொண்டுபோன பிறகே மெத்தனால் கலவையைச் சேர்க்க வேண்டும். கலவை தயாரிக்கும்போது மெத்தனாலில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாக் குவியல்மேல் மெத்தனாலை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, நீளமான ரப்பர் கையுறை, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நிற்பது, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய். கண்ணில் பட்டால் 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு. கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொள்வது மெத்தனால் ஆவியைத் தடுக்காது.

பொன்னிறத்தை நம்பாதீர்கள்

தெளிவாக, பொன்னிறமாக இருந்தால் நல்ல டீசல் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி மாறிய எண்ணெயும் அப்படித்தான் இருக்கும். சோதனை ஒன்று இருக்கிறது: 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி டீசலை விட்டுக் குலுக்குங்கள். முழுக்கக் கரைந்து தெளிவாக நின்றால் மாற்றம் முடிந்திருக்கிறது. அடியில் எண்ணெய் முத்து முத்தாகத் தங்கினால் முடியவில்லை. இதைக் கழுவும் முன்பே செய்யுங்கள். தேறாத பேட்சைக் கழுவினால் மறுபடி பால்தான்.

கழுவும்போதும் முதல் தண்ணீரை அடித்துக் கலக்காமல், வெதுவெதுப்பாக மேலிருந்து தூவினாற்போல் விடுங்கள். அடியில் இறங்கும் சோப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு, இரண்டாவது மூன்றாவது தண்ணீரில் கலக்கலாம். தண்ணீர் தெளிந்த பிறகு டீசலை மெல்லச் சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள். கலங்கலாக இருக்கும்வரை எந்த எஞ்சினிலும் ஊற்ற வேண்டாம்.

இனி அந்த மூன்று கேன். பாலாகிவிட்டது தேறும். வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கி, கல்லுப்புக் கரைத்த வெந்நீரை விட்டு ஒன்றிரண்டு நாள் அசையாமல் வைத்தால் பிரியும். மேலே நிற்பதை எடுத்து, ஈரம் போக்கி, டைட்ரேஷன் செய்து, புது எண்ணெயோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடுத்த பேட்சில் ஓட்டுங்கள். கூழாகிவிட்டதன் மேல் இனி காசு செலவழிக்க வேண்டாம். அதற்குள் மெத்தனால் இருக்கிறது, ஆகவே அடுப்பில் வைத்து உருக்கும் யோசனையும் வேண்டாம். அடியில் இறங்கும் கிளிசரினிலும் இதே கதைதான். அதை மாட்டுத் தீவனத்தில் சேர்க்கவோ சாக்கடையில் கொட்டவோ கூடாது. கழுவிய தண்ணீரில் காரமும் சோடியமும் இருக்கும், தென்னை மரத்துக்கு விட்டால் மண் கெடும்.

வண்டி, விற்பனை, கோத்தகிரி

லோடு வண்டிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இப்போதைய டீசல் வண்டிகளில் எரிபொருளை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் நுண்ணிய பாகங்கள் இருக்கின்றன. கொஞ்சம் சோப்போ ஈரமோ இருந்தால் நாசில் போகும், மாற்ற ஆகும் செலவில் நீங்கள் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும், வாரண்டியும் நிற்காது. பழைய பம்ப்செட்டுக்கு ஊற்றலாம். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு பயோடீசல், மீதி சாதாரண டீசல் என்று கலந்து ஊற்றுங்கள். பயோடீசல் டேங்கில் படிந்த பழைய அழுக்கையெல்லாம் கிளப்பிவிடும், ஆகவே ஆரம்பத்தில் ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். எஞ்சின் கோளாறு என்று பயப்பட வேண்டாம். ரப்பர் ஹோஸ் உப்பி மெத்தென்று ஆனால் மாற்றிவிடுங்கள்.

விற்பது கூடவே கூடாது. வாகன எரிபொருளாக விற்கும் பயோடீசல் ஐஎஸ் 15607 தரத்தில் இருக்க வேண்டும். 2019-இல் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட ஆணைப்படிதான் விற்பனையே நடக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் எஞ்சின் நின்றால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அதைவிட நிம்மதியான வழி ஒன்று உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-இல் தொடங்கிய ரூக்கோ திட்டத்தின் கீழ், கழித்த எண்ணெயை வாங்கிப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்பும் பதிவு பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்பது விதி. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடை, கழித்த எண்ணெய் எங்கே போகிறது என்று கணக்கும் வைக்க வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் உங்கள் பகுதியில் யார் எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். மெத்தனால், சோடா, கேஸ், கெட்டுப்போன பேட்ச் எல்லாவற்றையும் கூட்டி, எண்ணெயை அப்படியே விற்றால் வரும் பணத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். பஜ்ஜிக் கடை எண்ணெயைப் பொறுத்தவரை விற்பதே லாபம் என்பது என் கணிப்பு. உங்கள் சொந்தக் கடை எண்ணெயை மட்டும் வைத்து, உரிமத்தோடு, பம்ப்செட்டுக்கு மட்டும் செய்வதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அண்ணனின் கேன் கெடவில்லை. பாமாயிலில் செய்த பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே கலங்க ஆரம்பிக்கும். மலையில் மார்கழிக் காலையில் அதற்கும் கீழே போய்விடும். வெயில் ஏறியதும் தானாக இளகும். உறைந்த நிலையில் எஞ்சினைக் கிளப்பி ஃபில்டரை அடைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்காலம் முடியும்வரை அவருக்குச் சாதாரண டீசல்தான் சரி.

கடைக்கு ஒன்றாக எண்ணெய் எடுத்து டைட்ரேஷன் செய்து, எது எத்தனை மில்லி என்று எழுதி அனுப்புங்கள். எந்த எண்ணெயை வைத்துக்கொள்ளலாம், எதை விற்கலாம் என்று அப்போது குறிப்பாகச் சொல்கிறேன்.